வயிற்று ஆபரேஷனுக்கு இஸ்தான்புல் போகலாமா?

வாசகர் கடிதம்:

வணக்கம் டாக்டர். எனக்கு 38 வயது. லண்டனில் ஹாரோ பக்கம் இருக்கிறோம். 7 வயதிலும் 3 வயதிலும் இரண்டு பிள்ளைகள், இரண்டுமே சிசேரியன். சின்னவன் பிறந்த பிறகு வயிறு உள்ளே போகவே இல்லை. உடற்பயிற்சி செய்து 11 கிலோ குறைத்தேன். மற்ற இடமெல்லாம் இளைத்தது, வயிறு மட்டும் தொங்குகிறது. போன மாதம் ஒரு கல்யாணத்தில் தெரிந்த அத்தை ஒருவர் "இது எத்தனாவது மாசம்மா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். பாத்ரூமில் போய் அழுதேன்.

தொங்கும் தோலை வெட்டி, தசையை இழுத்துத் தைக்கும் டம்மி டக் ஆபரேஷன் பற்றி ஜி.பி.யிடம் (குடும்ப டாக்டர்) கேட்டதற்கு, இது அழகுக்கானது, என்.எச்.எஸ்.ஸில் (அரசு மருத்துவச் சேவை) செய்ய மாட்டார்கள் என்றுவிட்டார். லண்டனில் தனியாரிடம் 9,200 பவுண்டு கேட்கிறார்கள். இஸ்தான்புல்லில் ஆபரேஷன், ஆறு இரவு ஹோட்டல், ஏர்போர்ட் கார் எல்லாம் சேர்த்து 3,400 பவுண்டு. இடுப்பில் லைப்போசக்ஷன் (கொழுப்பை உறிஞ்சி எடுப்பது) இலவசம். ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் தேதி கொடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் 400 பவுண்டு அட்வான்ஸ் கட்ட வேண்டும். வாட்ஸ்அப்பில் பேசுகிற கோஆர்டினேட்டர் பெண் ரொம்ப அன்பாகப் பேசுகிறார். என் கணவருக்கு விஷயம் தெரியும். கூடவே இருக்கும் மாமியாரிடம் மட்டும் தோழிகளோடு டூர் போகிறேன் என்று சொல்லப்போகிறேன். இரண்டாவது பிரசவத்தின்போது சர்க்கரை இருந்தது, அப்புறம் சரியாகிவிட்டது. கருத்தடை மாத்திரை தவிர வேறு மருந்து எடுப்பதில்லை.

துருக்கி போகாதே என்று இங்குள்ள டாக்டர்கள் சொல்வது உண்மையான அக்கறையா, அல்லது தங்கள் பிழைப்பு போகிறதே என்பதாலா? போய்வந்து ஏதாவது ஆனால் இங்கே யாரும் தொட மாட்டார்கள் என்கிறார்களே, நிஜமா? சென்னைக்கு வந்து செய்துகொள் என்று அம்மா சொல்கிறார். அது தேவலையா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஹாரோ


பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வெள்ளிக்கிழமை கெடு இருப்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 400 பவுண்டை இந்த வாரம் கட்டாதீர்கள். துருக்கிக்குப் போகவே கூடாது என்பதற்காகச் சொல்லவில்லை. உங்களை இதுவரை ஒரு சர்ஜன்கூடக் கையால் தொட்டுப் பார்க்கவில்லை. அதற்குள் தேதி, ஹோட்டல், இலவச லைப்போசக்ஷன் எல்லாம் முடிவாகிவிட்டன. அதுதான் எனக்குக் கவலை.

அடுத்து, உங்கள் வயிறு. நீங்கள் 11 கிலோ குறைத்தும் வயிறு போகவில்லை என்றால் அது உங்கள் சோம்பலும் இல்லை, சாப்பாடும் இல்லை. வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக இரண்டு பட்டைகளாக ஓடும் தசைகள் கர்ப்பத்தில் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. அவற்றுக்கு நடுவில் இருக்கும் நார்த்திசு இழுபட்டு மெலிந்து அகன்றுவிடுகிறது. பலருக்குப் பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் தசைகள் தாமாக நெருங்கி வரும். சிலருக்கு வருவதில்லை. அப்படிப்பட்டவர் எவ்வளவு இளைத்தாலும் வயிறு முன்னே தள்ளித்தான் நிற்கும். நீண்டு தளர்ந்த தோலும் உடற்பயிற்சியால் சுருங்காது. எனவே இந்த ஆபரேஷனை விரும்புவது வெறும் ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் நீங்கள் தலைகுனிய வேண்டியதில்லை. கல்யாண மண்டபத்தில் அப்படி ஒரு கேள்வியை வாங்கிக்கொண்டு நின்ற பெண்கள் பலர் என் கிளினிக்கில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள்.

சரி, பிழைப்புக் கேள்விக்கு வருகிறேன். நான் இங்கிலாந்தில் ஓர் என்.எச்.எஸ். மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜன். மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பு, கை விபத்துகள், தீக்காயம் ஆகியவைதான் என் வாரத்தின் பெரும்பகுதி. வாரத்தில் ஒரு நாள் தனியார் மருத்துவமனையில் அழகு அறுவை சிகிச்சைகளும் செய்கிறேன், நீங்கள் கேட்கும் டம்மி டக் உட்பட. ஆகவே நீங்கள் இஸ்தான்புல் போனால் என்னைப் போன்ற ஒருவருக்கு வரவேண்டிய வருமானம் போகிறது என்பது உண்மை. அதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

பண நோக்கம் இல்லாமல் பேசுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றும் பார்க்கலாம். 2023-ல் மட்டும் மருத்துவச் சிகிச்சைக்காகத் துருக்கி போன 6 பிரிட்டிஷ் குடிமக்கள் இறந்ததாக பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை தன் பயண அறிவுரையிலேயே குறிப்பிட்டது. அழகு அறுவை சிகிச்சைக்காக டொமினிக்கன் குடியரசுக்குப் போன அமெரிக்கர்களில் 2009 முதல் 2022 வரை 93 பேர் இறந்ததாக அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2024-ல் அறிவித்தது. இறந்தவர்களில் மருத்துவ விவரங்களை ஆராய முடிந்தவர்களில் பெரும்பாலோரின் உயிர் போனது இரண்டு காரணங்களால்தான்: கொழுப்புத் துளி நுரையீரலை அடைத்தது, அல்லது இரத்தக்கட்டி அடைத்தது. இந்த எண்களை வைத்து நான் உங்களைப் பயமுறுத்த விரும்பவில்லை. துருக்கிக்கு ஆண்டுதோறும் பல் முதல் கண் வரை எல்லாவிதச் சிகிச்சைக்கும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் போகிறார்கள். பெரும்பாலோர் நலமாகத் திரும்புகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பின்புறத்தில் கொழுப்பேற்றும் பி.பி.எல். ஆபரேஷனில் 3,000 பேருக்கு ஒருவர் வரை இறக்கக்கூடும் என்று 2017-ல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மறு ஆண்டே பிரிட்டிஷ் அழகு அறுவை சிகிச்சை நிபுணர்கள் சங்கம் தன் உறுப்பினர்களிடம் அதைச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. நல்ல வருமானம் தந்த ஆபரேஷன் அது. நாங்கள் நிறுத்தினோம். கேட்டு வந்தவர்களில் பலர் விமானம் ஏறினார்கள். 2022-ல்தான் தோலுக்கு அடியில் மட்டும், அல்ட்ராசவுண்டில் ஊசிமுனையைப் பார்த்தபடி செய்யலாம் என்று நிபந்தனையோடு அனுமதித்தார்கள். பிழைப்பு மட்டுமே எங்கள் கணக்காக இருந்திருந்தால் அந்த நான்கு ஆண்டு நிறுத்தம் நடந்திருக்காது.

விலை வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். மலிவு என்றாலே மட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. 2018 தொடக்கத்தில் ஒரு பவுண்டுக்கு துருக்கி நாணயத்தில் 5 லிரா அளவில் கிடைத்தது. 2024 இறுதியில் 40-க்கு மேல். அங்கே நர்சுக்கும் மயக்க மருந்து டாக்டருக்கும் லிராவில் சம்பளம், உங்களிடம் வாங்குவது பவுண்டில். மருத்துவச் சுற்றுலாவை அந்த நாட்டு அரசே ஓர் ஏற்றுமதித் தொழிலாக நினைத்து ஊக்கம் தருகிறது. இங்கே உங்களுக்குச் சொன்ன 9,200-ல் மருத்துவமனைக் கட்டணம், மயக்க மருந்து நிபுணர், சர்ஜனின் காப்பீடு எல்லாம் இருக்கும். மருத்துவக் காரணம் இல்லாத அழகு ஆபரேஷன் என்றால் 20 சதவீத வாட் வரியும் உண்டு. ஆக, துருக்கி சர்ஜன் கைத்திறன் குறைந்தவர் என்பதால் விலை குறையவில்லை. அங்கே மிகச் சிறந்த பிளாஸ்டிக் சர்ஜன்கள் இருக்கிறார்கள், சிலரை எனக்கே தெரியும். அந்தச் சிறந்தவர்தான் உங்களுக்கு ஆபரேஷன் செய்வாரா என்பதை உங்கள் கோஆர்டினேட்டர் இன்னும் சொல்லவில்லை. கடிதம் முழுவதும் தேடினேன். விலை இருக்கிறது, ஹோட்டல் இருக்கிறது, சர்ஜன் பெயர் இல்லை.

எங்கள் ஊரும் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். பிரிட்டனில் பதிவு பெற்ற எந்த டாக்டரும் தன்னைக் 'காஸ்மெட்டிக் சர்ஜன்' என்று சொல்லிக்கொள்ளலாம், அந்தப் பட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. மருத்துவத் தரம் இல்லாத சிலிக்கானை அடைத்து விற்ற பிரெஞ்சு நிறுவனமான பி.ஐ.பி.யின் மார்பக இம்ப்ளான்ட்டுகளை 2010-ல் தடை செய்யும்வரை இங்கேயே பல்லாயிரம் பெண்களுக்கு வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தக் கேவலத்துக்குப் பிறகுதான் 2013-ல் அரசு நியமித்த கியோ குழு அறிக்கை, 2016-ல் இம்ப்ளான்ட் பதிவேடு, டாக்டர்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் மருத்துவக் கவுன்சிலான ஜி.எம்.சி.யின் தனி விதிமுறைகள் எல்லாம் வந்தன. அந்த விதிமுறைப்படி ஆபரேஷன் செய்யும் டாக்டரே உங்களோடு உட்கார்ந்து பேசி ஒப்புதல் வாங்க வேண்டும். வேறொருவரை வைத்து வாங்க முடியாது. யோசிக்க அவகாசமும் தர வேண்டும், குறைந்தது இரண்டு வாரம் என்பது ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் சொல்லும் அளவு. பேக்கேஜில் போகிறவர்கள் பலர் சர்ஜனை முதல்முறை பார்ப்பதே ஆபரேஷன் காலையில்தான். கையில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாய் (கான்யூலா) ஏறிய பிறகு, விமான டிக்கெட் வாங்கிய பிறகு, 'வேண்டாம்' என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

இங்குள்ள டாக்டர்கள் தொட மாட்டார்களா என்று கேட்டீர்கள். அதற்கு ஒரு சனிக்கிழமை இரவைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

உங்கள் வயதுதான் இருக்கும் அவருக்கு. வெளிநாட்டில் டம்மி டக்கும் லைப்போசக்ஷனும் செய்துகொண்டு ஆறாம் நாள் விமானம் ஏறியவர், ஒன்பதாம் நாள் காய்ச்சலும் நடுக்கமுமாக எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்தார். ஆபரேஷனுக்குப் பின் வயிற்றை அழுத்திப் பிடிக்கப் போடும் இறுக்கு உடையைக் கழற்றினால் தொப்புளுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்திருந்தது. என்ன செய்தார்கள், எவ்வளவு கொழுப்பு எடுத்தார்கள், தசையைத் தைத்தார்களா, என்ன மருந்து கொடுத்தார்கள் என்று எந்தக் காகிதமும் இல்லை. ஒரு வாட்ஸ்அப் எண் இருந்தது. அதில் இரண்டு நாளாக அவர் அனுப்பிய படங்களுக்கு "வீக்கம் சகஜம், கவலை வேண்டாம்" என்று பதில் வந்திருந்தது. வெளிநாட்டு மருத்துவமனையில் தங்கியவர் என்பதால் எதிர்ப்புத்திறன் மிக்க கிருமிகள் இருக்கலாம் என்று தனி அறை தேவைப்பட்டது. இரவு ஒரு மணிக்கு வார்டில் தனி அறை தேடுவது எவ்வளவு பாடு என்பது நர்சுகளுக்குத்தான் தெரியும். ஞாயிறு காலை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய் அழுகிய தோலை வெட்டியெடுத்தோம். அடுத்த இரண்டு வாரத்தில் இன்னும் மூன்று முறை. பிழைத்தார். தொப்புள் போய்விட்டது. வயிற்றில் தொடைத் தோலை எடுத்து ஒட்டிய தழும்பு இருக்கிறது.

அன்று காலை அந்தத் தியேட்டரில் முதலில் படுத்திருக்க வேண்டியவர் வேறொருவர். கண்ணாடி குத்தி விரல் நரம்பு அறுந்த ஒரு தச்சர். அவருக்கு மறுநாள்தான் செய்ய முடிந்தது. அவரிடம் போய்க் காரணம் சொன்னது நான்தான். வெளிநாட்டு அழகு சிகிச்சை உள்நாட்டு சர்ஜனை எப்படிப் பாதிக்கிறது என்று யாராவது கேட்டால் என் நினைவுக்கு முதலில் வருவது குறைந்துபோன வருமானம் இல்லை, அந்தத் தச்சரின் முகம்தான்.

ஆகவே உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் கட்டாயம் தொடுவோம். எங்கே செய்தீர்கள், ஏன் போனீர்கள் என்று கடிந்துகொள்ளாமல் பார்ப்பது எங்கள் கடமை. யாராவது கடிந்துகொண்டால் அவர்தான் தவறு செய்கிறார். இங்கே குடியிருப்பவர் என்பதால் உங்களுக்கு அந்த அவசரச் சிகிச்சைக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் தொற்று ஆறிய பிறகு "தழும்பு கோணலாக இருக்கிறது, ஒரு பக்கம் தொங்குகிறது" என்றால் என்.எச்.எஸ். அதைத் திருத்தாது. தனியார் சர்ஜன்களும் பலர் பின்வாங்குவார்கள். அதைச் சிலர் அகங்காரம் என்று நினைக்கிறார்கள். வேறொருவர் வெட்டித் தைத்த வயிற்றில் எந்த இரத்தக்குழாய் மிஞ்சியிருக்கிறது என்று தெரியாமல் கத்தி வைக்க எனக்கே பயம். நான் தொட்ட கணத்திலிருந்து விளைவு முழுவதும் என் பொறுப்பு, என் காப்பீடு. ஏற்றுக்கொள்கிறவர்கள் முதல் ஆபரேஷனைவிடக் கூடுதலாகவே கேட்பார்கள். பயணக் காப்பீடுகளும் பெரும்பாலும் அழகு சிகிச்சையின் விளைவுகளை ஏற்பதில்லை.

இதில் இன்னொரு இழப்பு வெளியே தெரியாது. டம்மி டக் போன்ற ஆபரேஷன்களை என்.எச்.எஸ். ஏறத்தாழ நிறுத்திவிட்டதால் இளம் டாக்டர்கள் அவற்றைப் பார்த்துக் கற்பதே தனியாரில்தான். என் கிளினிக்கில் சில ஆண்டுகளாக நான் பார்ப்பது என்னவென்றால், ஆரோக்கியமான, முதல்முறை செய்துகொள்கிற, எளிய கேஸ்கள் குறைகின்றன. கெட்டுப்போனதைச் சரிசெய்யக் கேட்கும் கடினமான கேஸ்கள் கூடுகின்றன. எளியதைச் செய்து பழகாமல் ஒருவர் கடினமானதற்கு எப்படித் தயாராவார்? என்னிடம் பயிலும் பிள்ளைகளை நினைத்தால் இது எனக்கு உண்மையான கவலை.

ஒரு நன்மையும் நடந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். என் சகாக்கள் சிலர் இப்போது விலையை முழுதாக, மறைக்காமல் முதலிலேயே சொல்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பின் நேரடியாகப் பேச ஓர் எண் தருகிறார்கள். அந்தக் கோஆர்டினேட்டர் பெண் உங்களிடம் அன்பாகப் பேசினார் என்று எழுதியிருந்தீர்கள். இங்கே உங்களிடம் யாரும் அப்படிப் பேசவில்லை என்பதும் அந்த வரியிலேயே இருக்கிறது. அது எங்கள் குறை, திருத்திக்கொள்ள வேண்டியது நாங்கள்.

இனி உங்கள் விஷயம். கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய நான்கு விவரங்கள்தான் எனக்கு முக்கியமாகப் பட்டன.

முதலாவது, கர்ப்பகாலச் சர்க்கரை. "அப்புறம் சரியாகிவிட்டது" என்பதை யார், எப்போது பரிசோதித்துச் சொன்னார்கள்? அப்படிச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம், நம் ஊர்க்காரர்களுக்கு இன்னும் அதிகம். அதனால்தான் ஆண்டுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாமல் வயிற்றுத் தோலை இழுத்துத் தைத்தால் ஆறுவது கடினம். கடந்த சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. பரிசோதனையைக் கோஆர்டினேட்டர் கேட்டாரா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, கருத்தடை மாத்திரை. அதில் ஈஸ்ட்ரோஜன் இருந்தால் இரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். பெரிய ஆபரேஷனுக்கு நான்கு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். நிறுத்தும்போது வேறு கருத்தடை வழி வேண்டும், இல்லையென்றால் அது வேறு சிக்கல். ஜி.பி.யிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

மூன்றாவது, அந்த ஆறு இரவு. டம்மி டக் செய்தவர் விமானம் ஏறக் குறைந்தது 7 முதல் 10 நாள் ஆக வேண்டும் என்பது என்.எச்.எஸ். சொல்வது. ஆபரேஷனும் காலில் இரத்தம் உறைய வைக்கும், நான்கு மணி நேரம் விமானத்தில் மடங்கி உட்காருவதும் உறைய வைக்கும். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்கிறீர்கள். தோலுக்கடியில் நீர் கோப்பது பெரும்பாலும் நீரை வடிக்க வைத்த டிரெயின் குழாயை எடுத்த பிறகு, இரண்டாவது மூன்றாவது வாரத்தில். அப்போது ஊசி போட்டு நீரை எடுக்க வேண்டியவர் இஸ்தான்புல்லில் இருப்பார், நீங்கள் ஹாரோவில் இருப்பீர்கள். என்னிடம் ஆபரேஷன் செய்துகொள்கிறவர்கள் முதல் மாதத்தில் மூன்று நான்கு முறை வருவார்கள். பாதி நேரம் ஒன்றும் இருக்காது, பார்த்துத் தைரியம் சொல்லி அனுப்புவேன். ஏதாவது இருக்கிற அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களும். இங்கே கேட்கும் விலையில் ஒரு பங்கு அதற்கானது. லைப்போசக்ஷன் இலவசம் என்பதையும் சலுகையாக நினைக்காதீர்கள். ஆபரேஷன் நேரம் கூடும், தோலுக்குப் போகும் இரத்த ஓட்டத்துக்கும் சோதனை. போனதும் "எடுத்த கொழுப்பைப் பின்புறத்தில் வைத்துவிடலாமே" என்று கேட்டால், மேலே சொன்ன பி.பி.எல். அதுதான். கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.

நான்காவது, உங்கள் மாமியார். தசையைத் தைத்த பிறகு ஆறு வாரம் கனமானதைத் தூக்கக் கூடாது. மூன்று வயதுப் பிள்ளை ஓடிவந்து இடுப்பில் ஏறுவான். முதல் வாரம் நிமிர்ந்து நடக்கவே முடியாது, கூன் போட்டுத்தான் நடப்பீர்கள். டூர் போய்வந்தவள் என்று சொல்லிவிட்டு எப்படிப் படுத்திருப்பீர்கள்? சமையலறையில் நிற்பீர்கள், துணிக்கூடையைத் தூக்குவீர்கள், காய்ச்சல் வந்தாலும் மறைப்பீர்கள். நான் சொன்ன பெண்ணும் வீட்டில் மறைத்ததால்தான் இரண்டு நாள் தாமதமாக வந்தார். மாமியாரிடம் முழுதாகச் சொல்ல மனமில்லை என்றால் "பிள்ளை பெற்றதில் வயிற்றுத் தசை விலகியிருக்கிறது, அதைத் தைக்கிறார்கள்" என்றாவது சொல்லுங்கள். அதில் பொய் எதுவும் இல்லை. பெரும்பாலான மாமியார்களுக்கு அது புரியும், அவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தானே.

சென்னை பற்றி. திறமையைப் பொறுத்தவரை எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனைக்குக் கை அறுவை சிகிச்சை கற்றுக்கொள்ள இங்கிலாந்திலிருந்தே இளம் சர்ஜன்கள் போகிறார்கள். சென்னை ஸ்டான்லியின் கை, பிளாஸ்டிக் சர்ஜரி துறைக்கும் அப்படி ஒரு பெயர் உண்டு. அம்மா வீட்டில் அம்மா கவனிப்பில் ஆறு வாரம் இருக்க முடியும் என்றால் வெளிநாட்டு வழிகளில் அதுவே எனக்குப் பிடித்தது. மொழி தெரியும், இரண்டாவது வாரத்தில் நீர் கோத்தால் ஆட்டோ பிடித்துப் போய்க் காட்டலாம். ஆனால் ஆகஸ்ட் விடுமுறையில் மூன்று வாரம் என்றால் அதே இஸ்தான்புல் கதைதான், திரும்பும் விமானம் மட்டும் இன்னும் நீளம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வந்த மறுநாளே ஆபரேஷன், பதினைந்தாம் நாள் விமானம் என்று கேட்டு நெருக்குவதாகச் சென்னையில் இருக்கும் என் வகுப்புத் தோழர்கள் வருத்தப்படுகிறார்கள். அவசரப்படுத்தினால் நல்ல சர்ஜன் மறுப்பார், மறுக்காதவரிடம் போய்ச் சேருவோம். அங்கேயும் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. என்ற சிறப்புப் பட்டம் படித்தவரா என்று பாருங்கள். அழகுக் கிளினிக் என்று பலகை வைத்தவரெல்லாம் அதைப் படித்தவர் அல்ல. பிறகு, சென்னை ஆகஸ்டில் இறுக்கு உடையோடு இருப்பது லேசு இல்லை. டிசம்பர், ஜனவரி தேவலை.

இப்போது என்ன செய்வது? ஜி.பி.யிடம் மறுபடி போங்கள். இந்த முறை அழகு என்று ஆரம்பிக்காதீர்கள். தசை விலகியிருக்கிறதா, தொப்புளில் குடலிறக்கம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முதுகுவலி, தும்மினால் சிறுநீர் கசிவது ஏதாவது இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். குடலிறக்கம் இருந்தால் அதைச் சரிசெய்ய என்.எச்.எஸ்.ஸில் வழி இருக்கலாம். பெண்கள் நலப் பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பக் கேளுங்கள், சரியான பயிற்சியில் ஓரளவாவது முன்னேற்றம் காண்கிறவர்கள் உண்டு. எச்.பி.ஏ.1சி.யும் இரும்புச்சத்தும் பார்த்துவிடுங்கள். இன்னொரு பிள்ளை எண்ணம் கொஞ்சமேனும் இருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுங்கள், தைத்தது மறுபடி விலகிவிடும். இங்கே இரண்டாவது ஒரு சர்ஜனிடமும் விலை கேளுங்கள். ஜி.எம்.சி.யின் நிபுணர் பதிவேட்டில் 'பிளாஸ்டிக் சர்ஜரி' என்று இருக்க வேண்டும். சொல்லும் விலையில் பின்கவனிப்பும், சிக்கல் வந்தால் மறு ஆபரேஷனும் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். லண்டனுக்கு வெளியே விலை குறையவும் செய்யும்.

இவ்வளவுக்குப் பிறகும் இஸ்தான்புல்தான் என்றால் நான் குற்றம் சொல்ல மாட்டேன். 5,800 பவுண்டு வித்தியாசம் சின்னப் பணம் இல்லை, எனக்கும் தெரியும். ஆனால் கோஆர்டினேட்டரிடம் இன்று இரவே கேளுங்கள்: சர்ஜன் பெயர் என்ன, ஐரோப்பிய பிளாஸ்டிக் சர்ஜரி வாரியத்தின் தேர்வு எழுதியவரா, பணம் கட்டும் முன் அவரே வீடியோவில் பேசுவாரா, மருத்துவமனைக்குத் துருக்கி சுகாதார அமைச்சகத்தின் வெளிநாட்டு நோயாளிகளுக்கான அனுமதிச் சான்று இருக்கிறதா, ஆபரேஷன் குறிப்புகளை ஆங்கிலத்தில் கையில் தருவார்களா. வயிறு மட்டும் போதும், லைப்போசக்ஷன் வேண்டாம் என்று சொல்லுங்கள். கணவர் கூட வரட்டும். மூன்று வாரம் தங்கத் திட்டமிடுங்கள், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வித்தியாசம் எவ்வளவு சுருங்குகிறது என்று தெரியும். இந்தக் கேள்விகளைக் கேட்டதும் "வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இந்த விலை கிடையாது" என்று மட்டும் பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். வயிற்றுத் தசை எத்தனை விரல் அகலம் விலகியிருக்கிறது என்று பிசியோதெரபிஸ்ட் சொல்வார், அதையும் சேர்த்து எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு ஆபரேஷன் தேவையா, எப்போது என்று பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் டாக்டர்